ரஹீம் சாகிப்: பிள்ளைகளின் மனத்தைப் பழக்கிய கால்பந்து வாத்தியார்

ஹைதராபாத் நகரில் ஒரு காலத்தில் சிறுவர்களுக்காக விசித்திரமான கால்பந்துப் போட்டி ஒன்று நடந்து வந்தது. அதில் ஆடும் பையன் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவனை ஏய்த்து ஓடக்கூடாது. பந்து கிடைத்ததும் தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு போட்டி இதையும் மிஞ்சியது. அதில் ஒவ்வொருவனும் தனக்குப் பழக்கமில்லாத காலால்தான் ஆட வேண்டும். வலது காலால் கோல் மழை பொழிகிறவன் இடது காலால் உதைக்கப் போய்ப் பந்து ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக விழுவான். தெருவில் பெரிய சூரன் என்று பெயர் வாங்கிய பையன்கூட அன்று எல்லோர் முன்னிலையிலும் கற்றுக்குட்டியாகி நிற்பான்.

இந்தப் போட்டிகளை ஏற்பாடு செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஊரார் அழைத்த பெயர் ரஹீம் சாகிப். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா கால்பந்தில் பெற்ற தங்கப் பதக்கங்கள் மொத்தம் இரண்டே. 1951ல் டில்லியில் ஒன்று, 1962ல் ஜகார்த்தாவில் ஒன்று. இரண்டுக்கும் பயிற்சியாளர் அவரே. இடையில் 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை அரையிறுதி வரை அழைத்துச் சென்றவரும் அவரே. அந்தப் பெரிய வெற்றிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகர். அவற்றுக்கெல்லாம் விதை ஊன்றிய சிறுவர் போட்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பள்ளிக்கூடத்திலிருந்து மைதானத்துக்கு

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அது நிஜாம் ஆட்சிக் காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். படிக்கும்போதே பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் இடம் பெற்றார். பிறகு உள்ளூர்ச் சங்க அணிகளிலும் ஆடினார். ஆனால் ஆட்டக்காரராக அவர் பெற்ற பெயரைவிட ஆசிரியராகப் பெற்ற பெயர்தான் நிலைத்தது.

படிப்பு முடிந்ததும் அவர் தேடிக்கொண்டது வாத்தியார் வேலை. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று நகரத்தின் பள்ளிகள் பலவற்றில் பணி செய்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமோ பெற்று, பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

வகுப்பறையில் பல ஆண்டுகள் பிள்ளைகளுடன் பழகியவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். கெட்டிக்காரப் பையனைச் சமாளிப்பதுதான் மந்தமான பையனைச் சமாளிப்பதைவிடக் கடினம். கெட்டிக்காரன் பிறர் பேச்சைக் கேட்கமாட்டான், தோற்றால் தாங்கமாட்டான், பாராட்டு குறைந்தால் முகம் சுளிப்பான். மைதானத்திலும் இதே கதைதான். 1943ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. கடைசி மூச்சு வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். செயலாளர் என்றால் ரசீதுப் புத்தகமும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் என்று இருந்துவிடவில்லை அவர்.

காலும் மனமும்

அந்த நாள் ஹைதராபாத் பையன்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடினவர்கள். வெறுங்காலுக்குப் பந்து நன்றாகக் கட்டுப்படும். விரலால் தட்டி, உள்ளங்காலால் உருட்டி, நான்கு பேரை ஏய்த்துவிட்டு ஐந்தாவது ஆளிடம் பந்தைப் பறிகொடுப்பதில் ஒரு பெருமை. கூட்டமும் அதற்குத்தான் கைதட்டும். பக்கத்தில் ஆளில்லாமல் நிற்கும் தோழன் பந்து கேட்டுக் கத்திக்கொண்டே இருப்பான். அவன் குரல் காதில் விழாது.

இதை ஒழிக்க ரஹீம் செய்த காரியத்தில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சுயநலம் கூடாது, ஒற்றுமை வேண்டும் என்று பையன்களை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்திருக்கலாம். அப்படிச் செய்த ஆசிரியர்கள் நாட்டில் ஆயிரம் பேர். அவர் ஆட்டத்தின் விதியையே மாற்றிவிட்டார். பந்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதியானால், பையன் என்ன செய்வான்? பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். யார் எங்கே நிற்கிறான், யாருக்குக் கொடுத்தால் நல்லது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு சும்மா நிற்காமல் மறுபடி வாங்கிக்கொள்ள ஓட வேண்டும். தன்னைவிட ஆட்டம் குறைந்த தோழனையும் நம்ப வேண்டும். அவன் தவறவிட்டாலும் அடுத்த முறை அவனுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். வேறு வழி கிடையாது. கோபப்பட்டுப் பயனில்லை என்பதைப் பையன் அரை மணி நேரத்தில் தானாகவே தெரிந்துகொள்வான்.

பழகாத காலால் ஆடும் போட்டியில் கற்றுக்கொள்வது வேறு பாடம். இரண்டு காலும் பழகினால் ஆட்டம் இரட்டிப்பாகும் என்பது வெளிப்படையான லாபம். அதற்கு மேல் ஒன்று உண்டு. நன்றாக ஆடத் தெரிந்தவன் எல்லோரும் பார்க்க மோசமாக ஆடி, அந்த வெட்கத்தைச் சகித்துக்கொண்டு, மீண்டும் முயன்று கற்க வேண்டும். எதிரணியிலும் எல்லோருக்கும் அதே கதி என்பதால் யாரும் யாரையும் பார்த்து அதிகமாகச் சிரித்துவிட முடியாது. தோல்விக்கு அஞ்சி, தெரிந்ததை மட்டுமே செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடைப்பது அரிது.

இப்பொழுது பள்ளிகளில் மனநல ஆலோசகர்கள் வந்துவிட்டார்கள். உணர்ச்சிகளைக் கையாளும் திறன் என்று பாடத்திட்டத்திலும் சேர்க்கிறார்கள். நல்ல காரியமே. அப்படிப்பட்ட பெயர்கள் எதுவும் புழக்கத்தில் இல்லாத நாளில், ஒரு விசிலும் ஒரு தோல் பந்தும் வைத்துக்கொண்டு ரஹீம் அதைச் செய்தார்.

போலீஸ்காரர்களின் அணி

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்து ஹைதராபாத் இந்தியாவுடன் சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த ரத்தக்களரியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. நகரத்தில் அண்டை வீட்டாரே ஒருவரை ஒருவர் சந்தேகத்துடன் பார்த்த நாட்கள் அவை.

இரண்டு ஆண்டு கழித்து, 1950ல், ஹைதராபாத் சிட்டி போலீஸ் கால்பந்து அணிக்கு ரஹீம் பயிற்சியாளரானார். நூர் முகம்மது, அஜீஸ், லாயிக் ஆகியோரோடு பாட்ரிக், நார்பர்ட் போன்ற கிறிஸ்தவ இளைஞர்களும் அந்த அணியில் சேர்ந்து ஆடினார்கள். அந்த ஆண்டே பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பையை வென்றார்கள். 1951, 52, 53, 54 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டு அந்தக் கோப்பை ஹைதராபாத் போலீஸிடமே இருந்தது. டில்லியின் டூரண்ட் கோப்பையும் 1950ல் வந்தது, பிறகும் வந்தது. கால்பந்து என்றால் கல்கத்தா என்று இருந்த நாட்டில் கல்கத்தாவின் பெரிய சங்கங்கள் இந்த அணியைக் கண்டு அஞ்சின.

1951 மார்ச் மாதம் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியைப் பழக்கும் பொறுப்பு ரஹீமுக்கு. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3 கோல் போட்டு வென்றபின், இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரான் வீழ்ந்தது. தலைவர் சைலன் மன்னா. பெங்களூர் அகமது கான் போன்ற தென்னாட்டு ஆட்டக்காரர்களும் அந்த அணியில் இருந்தனர். நாடு கொண்டாடியது. மறு ஆண்டே அழ வேண்டி வந்தது.

ஹெல்சிங்கி கொடுத்த அடி

1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் நாடு, ஈரத்தரை. இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். யூகோஸ்லாவியா 10 கோல் போட்டது. இந்தியா போட்டது 1. ஓராண்டுக்கு முன் ஆசியாவுக்கே முதல்வர்களாக இருந்தவர்கள் உலகத்தின் முன் தலைகுனிந்து நின்றார்கள்.

இப்படிப்பட்ட தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர்கள் பொதுவாக இரண்டில் ஒன்று செய்வார்கள். ஆட்டக்காரர்கள் மீது பழி போடுவார்கள். அல்லது தட்பவெப்பத்தின் மீது போடுவார்கள். தட்பவெப்பத்தைச் சொல்ல ரஹீமுக்கு நியாயம்கூட இருந்தது. உள்நாட்டில் அப்போது 70 நிமிட ஆட்டமே வழக்கம். வெளிநாட்டில் 90 நிமிடம். அவர் சமாதானம் தேடவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டமுறையை ஆராய ஆரம்பித்தார். மைய முன்வரிசைக்காரரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, எதிரணிக் காவலரைக் குழப்பும் தந்திரத்தை நம் அணிக்கும் கொண்டுவந்தார். ஹெல்சிங்கிக்குப் பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்காலில் வித்தை காட்டியவர்கள் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. சிறுவயதில் பழகாத காலால் ஆடி வெட்கப்பட்டுப் பழகிய ஹைதராபாத் பையன்களுக்கு இது அத்தனை சிரமமாக இருந்திராது.

நான்கு ஆண்டு கழித்து மெல்போர்ன். சமர் பானர்ஜி தலைமையில் சென்ற அணி 1956 டிசம்பர் 1-ஆம் தேதி, போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவையே 4க்கு 2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியின் காலிலிருந்து வந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிரி யார்? அதே யூகோஸ்லாவியா. இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. இடைவேளைக்குப் பின் நெவில் முதல் கோலைப் போட்டு இந்தியாவை முன்னே கொண்டுபோனார். 10 கோல் வாங்கிய அணி முன்னிலையில்! அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. யூகோஸ்லாவியா அடுத்தடுத்துப் போட்டு 4க்கு 1 என்று முடித்தது. தோல்வியைத் தாங்கக் கற்றவர்களுக்கு முன்னிலையைத் தாங்கத் தெரியவில்லை. பிறகு பல்கேரியாவிடமும் தோற்று நான்காவது இடம். இன்று வரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதைத் தாண்டவில்லை.

அம்முகுடாவிலிருந்து ஒரு சைக்கிள்

மெல்போர்ன் சென்றவர்களில் செகந்திராபாத் பக்கத்து அம்முகுடாப் பையன் ஒருவன் இருந்தான். துளசிதாஸ் பலராம். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவன். தாயார் பெயர் முத்தம்மா. வீட்டில் வறுமை. பிள்ளை பந்தின் பின்னால் ஓடுவதைவிட ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிற குடும்பம். பூட்ஸ் வாங்க வசதியில்லாமல், போலீஸார் கழித்துப்போட்ட பழைய பூட்ஸ் தோலில் லால் பஜார் சக்கிலியர் ஒருவர் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஆடினதாகப் பலராம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

உள்ளூர் ஆட்டமொன்றில் இவனைக் கண்ட ரஹீம், ஹைதராபாத் அணித் தேர்வுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையன் வரவில்லை. விசாரித்தால், அம்முகுடாவிலிருந்து ஹைதராபாத்துக்குத் தினம் போய்வரக் கையில் காசில்லை. ஏழைப் பையன்களுக்கே உரிய கூச்சம்; காரணத்தைச் சொல்லவும் வாய் வராது. ரஹீம் கோபிக்கவில்லை. வாடகைச் சைக்கிளுக்குக் காசு தருவதாகச் சொல்லி வரவழைத்தார். பலராம் மிதித்து வந்தான்.

சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் 1956-57லும் 1957-58லும் தொடர்ந்து வென்றது. அதற்குள் பலராம் நாடறிந்த ஆட்டக்காரர். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். பி.கே.பானர்ஜி, சூனி கோஸ்வாமி, பலராம் மூவரும் சேர்ந்து இந்தியாவின் முன்வரிசையாக விளங்கியதைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சைக்கிள் வாடகையைக் கொடுத்திராவிட்டால் அந்த மூவரில் ஒருவர் எங்கேனும் கணக்கெழுதிக்கொண்டு இருந்திருப்பார்.

பயிற்சி என்பது மைதானத்தில் தொடங்குவதில்லை. பையன் ஏன் வரவில்லை என்று கேட்பதில் தொடங்குகிறது என்பதை ரஹீம் அறிந்திருந்தார். வாத்தியார் வேலை கற்றுக்கொடுத்த பாடமாக இருக்க வேண்டும். தினம் வருகைப் பதிவேடு எடுக்கிறவருக்கு இல்லாதவர்களின் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

உட்காரவைத்த மகன்

1960ல் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2க்கு 1 என்று தோல்வி. அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்ஸுடன் 1க்கு 1 சமநிலை. பெரு நாட்டிடம் 3க்கு 1 தோல்வி. அதிலும் நம் கோல் பலராமுடையதே. முதல் சுற்றோடு திரும்பினாலும் மரியாதைக்குறைவு இல்லை.

அந்த அணியில் ரஹீமின் சொந்த மகன் சையத் ஷாகித் ஹக்கீமும் இருந்தார். தகுதியால் வந்தவர், பிற்காலத்தில் விமானப்படை அதிகாரியாகவும் சர்வதேச நடுவராகவும் பெயரெடுத்தவர். ஆட்டம் மூன்று நடந்தது. ஹக்கீமை ஓர் ஆட்டத்திலும் ரஹீம் இறக்கவில்லை. ஒலிம்பிக் என்பது வாழ்நாளில் ஒரு முறை வாய்ப்பது. கடைசி ஆட்டத்திலாவது மகனை இறக்கியிருந்தால் யாரும் பெரிதாகக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். தகப்பனுக்கும் பயிற்சியாளருக்கும் இடையே அன்று மனத்துக்குள் என்ன வழக்கு நடந்ததோ. மற்றப் பிள்ளைகளைப் பழக்கிய வாத்தியார் தன் மனத்தையும் பழக்கிவைத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கல்மனம் என்று யாரேனும் சொன்னாலும் மறுப்பதற்கில்லை.

ஜகார்த்தா

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. சூனி கோஸ்வாமி தலைவர். தமிழ்ப் பெயர் தாங்கிய தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோரும் அணியில் இருந்தார்கள். ரஹீமுக்கு வயது 53. ஓயாமல் சிகரெட் புகைக்கிறவர். உடல் தளர்ந்திருந்தது.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா 2க்கு 0 என்று இந்தியாவை வென்றது. அடுத்துத் தாய்லாந்தை 4க்கு 1 என்று வென்றபோது, தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். ஆறு தையல் போட்டார்கள். அவர் இல்லாமலே ஜப்பானை 2க்கு 0 என்று வென்றாயிற்று. அரையிறுதிக்குத் தையலோடு ஜர்னைல் திரும்பியபோது, ரஹீம் அவரைப் பழைய இடத்தில் நிறுத்தவில்லை. முன்வரிசைக்கு அனுப்பினார். காலமெல்லாம் கோலைத் தடுத்தவரைக் கோல் போடச் சொன்னார். தென்வியட்நாமை 3க்கு 2 என்று இந்தியா வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இதற்கிடையே மைதானத்துக்கு வெளியே வேறொரு தீ பற்றிக்கொண்டது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான நம் நாட்டு ஜி.டி.சோந்தி அதைக் கண்டித்தார். இரு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் தகாது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் ஜகார்த்தா மக்களுக்கு அது அவமானமாகப் பட்டது. ஆர்ப்பாட்டக்காரர்கள் இந்தியத் தூதரகத்தைத் தாக்கினார்கள். இந்திய விளையாட்டு வீரர்களைக் கண்டாலே கூச்சல். தலைப்பாகை அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்பதால் பேருந்தில் ஜர்னைல் சிங் இருக்கைக்குக் கீழே மறைந்து உட்கார்ந்து சென்றதாக உடன் சென்றவர்கள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரி மறுபடியும் தென்கொரியா. முந்தின இரவு ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள். வீட்டை விட்டு வெகுதூரம், வெளியே கூச்சல், நாளைக்கு ஒரு லட்சம் பேர் தங்களைத் தூற்றப் போகிறார்கள் என்பது தெரியும். ரஹீம் அவர்களிடம் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசவில்லை. தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருந்த வாத்தியார் முதல் முறையாகத் தமக்கென்று ஒன்று கேட்கிறார். அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்த கூச்சல் காதில் ஏறியிருக்குமா?

இறுதி ஆட்டத்துக்கு ஒரு மாற்றமும் செய்தார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி ஆடுகிறவர்கள் என்பதால், அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனை உட்காரவைத்து, ஆறடிக்கு மேல் வளர்ந்த பீட்டர் தங்கராஜை இறக்கினார். வெற்றி பெற்ற அணியின் கோல்காப்பாளரை இறுதி ஆட்டத்தன்று மாற்றுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. தோற்றிருந்தால் அத்தனை பழியும் அவர் தலையில்தான் விடிந்திருக்கும்.

செனயான் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தியர் காலுக்குப் பந்து வந்தால் ஊளை. கொரியருக்கு வந்தால் ஆரவாரம். அந்தக் கடலில் இந்தியாவுக்காகக் கைதட்டிய சிலர் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று ஆட்டக்காரர்கள் நன்றியுடன் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள்தான் அவர்கள் ஹாக்கி இறுதியில் இந்தியாவை வென்றிருந்தார்கள்.

17-ஆவது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல் போட்டார். மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் சிங் இரண்டாவது. தையல் போட்ட தலையோடு, பழகாத இடத்தில் ஆடி அடித்த கோல். மீதி எழுபது நிமிடம் இருக்கிறது. மெல்போர்னில் முன்னிலை பெற்ற மகிழ்ச்சியில் நிலைகுலைந்த கதை இங்கே திரும்ப நடக்கவில்லை. பந்தை ஒருவர் காலிலும் தங்கவிடாமல் கொடுத்து வாங்கி ஆடினார்கள். கொரியாவால் 85-ஆவது நிமிடத்தில்தான் ஒரு கோல் போட முடிந்தது. 2க்கு 1. தங்கம் இந்தியாவுக்கு. வாத்தியார் கேட்ட பரிசைப் பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு

அதற்குப் பின் ரஹீமுக்கு அதிக நாள் இல்லை. நுரையீரலில் புற்றுநோய். படுக்கையில் விழுந்தவர் 1963 ஜூன் 11-ஆம் தேதி காலமானார். ஜகார்த்தா வெற்றிக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. பத்து வயதுப் பையனின் முன்கோபத்தைக்கூட மாற்றத் தெரிந்தவருக்குத் தம் கைச் சிகரெட்டை விடத் தெரியவில்லை. பெரிய மனிதர்களிடமும் இப்படி ஒரு குறை இருந்துவிடுகிறது.

அதே 1963ல் பலராமும் மார்பு நோயால் ஆட்டத்தை விட்டார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹைதராபாத் கால்பந்து மெல்ல மெல்ல மங்கியது. ஒரு நகரத்திலிருந்து ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஒலிம்பிக் போன ஊரில், பந்தாடிய திடல்களில் பல கட்டடங்களாயின. 1960க்குப் பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவில்லை. 1962க்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கமும் இல்லை. 1970ல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலம்தான் கடைசிப் பதக்கம். அதற்கும் பயிற்சியாளர்களில் ஒருவர் ரஹீமின் மாணவர் பி.கே.பானர்ஜி.

பானர்ஜி கல்கத்தாவில் பெரிய பயிற்சியாளராக விளங்கினார். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் ஆட்டக்காரர்களிடம் பேசும் பேச்சுக்குக் கல்கத்தாப் பத்திரிகைகள் 'வோகல் டானிக்', அதாவது வாய்மொழி மருந்து, என்று பெயர் வைத்தன. 1975ல் அவர் பழக்கிய ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5க்கு 0 என்று வென்ற நாளிலும், 1977ல் அவர் பழக்கிய மோகன் பகான், பெலே ஆடிய காஸ்மாஸ் அணியுடன் 2க்கு 2 சமன் செய்த நாளிலும் அந்த மருந்தைப் பற்றித்தான் பேச்சு. மருந்துச் சீட்டு எழுதிக்கொடுத்த ஹைதராபாத் வைத்தியரை நினைத்தவர்கள் கொஞ்சம் பேர்.

2024ல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தபிறகுதான் ரஹீமின் பெயர் மறுபடி நாலு பேர் வாயில் அடிபட்டது. அதைப் பார்க்க அவருடைய செல்லப்பிள்ளைகள் பலர் இல்லை. பி.கே.பானர்ஜியும் சூனி கோஸ்வாமியும் 2020ல் ஒன்றரை மாதத்துக்குள் அடுத்தடுத்து மறைந்தார்கள். மகன் ஹக்கீம் 2021ல் போனார். உத்தர்பாராவில் கங்கைக் கரையோரம் தனியாக வாழ்ந்துவந்த பலராம் 2023 பிப்ரவரி 16-ஆம் தேதி கல்கத்தாவில் கண்ணை மூடினார். சைக்கிள் வாடகைக்கு ரஹீம் சாகிப் காசு கொடுத்த கதையை அவர் வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.